பேனரில் விட்டுப்போன ‘லாம்’

அன்பு மகள் கேதகிக்கு பாபாவின் ஆசிகள். விட்டலன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மா, ஆயிக்கு மட்டும் மழைக்கு முன்பே முழங்கால் வலி வந்துவிட்டது. பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

தக்காளி இந்த முறை பரவாயில்லை, உன் தம்பி ஓங்கார் கல்யாணத்துக்குப் பந்தல்காரரிடம் பேசியாயிற்று. நீ வரவில்லை என்று போனில் சொன்னதிலிருந்து உன் பெயரை எடுத்தாலே ஆயி அடுப்படிக்குப் போய்விடுகிறாள். லீவு இல்லை என்றாய், ஊர் முகத்தில் விழிக்கத்தான் கூச்சம் என்று எனக்குத் தெரியாதா. எல்லாம் அந்த பேனரால் வந்தது. உங்கள் ரேடியோ தொலைநோக்கியில் முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ஒலி கிடைத்திருக்கலாம் என்றுதான் நீ எழுதினாய், வெறும் இரைச்சலும் அப்படி ஏமாற்றும், இன்னும் நிறைய இரவுகள் கேட்டால்தான் தெரியும் என்றும் எழுதினாய். எலெக்‌ஷனுக்கு நிற்கும் நம் தத்தோபா காகா நாராயண்காவ் பஸ் ஸ்டாண்டில் கட்டிய பேனரில் உன்னைச் சுற்றி வாழ்த்துவோர் முகங்களுக்கெல்லாம் இடம் இருந்தது, ஒரு ‘லாம்’முக்கு இடமில்லை. ‘கிடைத்துவிட்டது’ என்று போட்டுவிட்டார். கேட்டதற்கு, இருக்கலாம்னு போட்டா எவன்டா நிமிர்ந்து பார்ப்பான், எலெக்‌ஷன்ல ‘ஜெயிக்கலாம்’னு எவனாவது போஸ்டர் ஒட்டுவானா என்று சிரித்தார். உன் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்த பெருமையில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இரவுகள் கூடக் கூட அந்த ஒலி இரைச்சலோடு கரைந்துபோனது என்று நீ சொன்னது பேப்பரிலும் வந்தது. என்னப்பா, உம் பொண்ணு புடிச்ச நட்சத்திரம் நழுவிடுச்சாமே என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நீ ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை கண்ணு, நீ சொன்ன சந்தேகம்தான் சரியாக இருந்தது, அதை வெட்டிப் போட்டது நாங்கள். நினைத்தால் மனசு ஆறவில்லை. பேனரைக் கழற்றி வெங்காயம் சேர்த்து வைத்திருக்கும் பட்டறையின் மேல் முகம் தெரியாமல் திருப்பிப் போட்டிருக்கிறேன், வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிறது.

கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. முகூர்த்தம் ஏழாம் தேதி, மறக்காதே. அக்கா வருவாளா என்று கேட்பவர்களிடம் ஆயி, வர்றா வர்றா என்று அடித்துச் சொல்கிறாள். நான் வரலாம் என்றுதான் சொல்கிறேன், அதற்கு அவளிடம் திட்டும் வாங்குகிறேன். இந்த ‘லாம்’மை நான் எடுக்க மாட்டேன். எடுப்பதென்றால் நீதான் வந்து எடுக்க வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
பாபா