பச்சைக் கொண்டை போட்ட நீலச் சேவல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன், 'ழ' வரும் இடத்தில் மட்டும் பேனா திண்டாடுகிறது, பொறுத்துக்கொள்.

பேக்கரிக்காரம்மா தன் கடையில் எல்லோரும் கட்டிக்கொள்ளும் ஏப்ரனில் போடக் கேட்ட சேவலுக்கு நீ கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய ஃபைல் வந்தது. எம்பிராய்டரி மிஷின் வாங்கிய பிறகு அம்மாவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், ஒன்று தைத்துக் காட்டுங்கள், பிடித்தால்தான் மற்றது என்று சொல்லியிருந்தார். அம்மா கடைக்குப் போன நேரத்தில் நானே தைத்து அசத்தலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். திரையில் நீலம், பச்சை, ஊதா என்று வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, எழுதியிருப்பது பொய்யாகவா இருக்கும் என்று அப்படியே நூலை மாற்றி மாற்றிக் கோத்தேன். உடம்பு நீலம், கொண்டை பச்சை, கால் ஊதா. லேசாகச் சந்தேகம் வந்தது, நீ இருக்கிற ஊரில் சேவல் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். விஷம் குடித்த மயில் மாதிரி இருக்கிறது, படிக்கத் தெரியாதபோதே உங்களுக்குப் புத்தி நன்றாக இருந்தது என்று சொல்லி நூல் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். தையலைப் பிரித்தால் துணி முழுக்க ஊசி ஓட்டை. மிஷின் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அய்யா, அந்த ஃபைலில் நிறமே கிடையாது, ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே நின்று நூல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான், திரை தானாக ஏதோ ஒரு நிறத்தைக் காட்டும் என்று சிரித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நானும் இத்தனை வருஷம் பேப்பரை விரித்துவைத்துப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தவன்தானே, அவ்வளவு பெரிய மிஷினும் அதையே செய்கிறது.

பேக்கரிக்காரம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். கோபம் வந்தால் எங்கள் வீட்டுக்காரர் இதே நிறம்தான், இது அவருக்கு இருக்கட்டும், மற்றவர்களுக்குச் சிவப்புக் கொண்டை போடுங்கள் என்றார். ஆர்டர் தப்பித்தது, எனக்குத்தான் பீரோச் சாவி இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் மகள் நிறங்களை வரிசையாக எழுதி அனுப்பினால் தருகிறேன் என்கிறாள் அம்மா.

அதனால் அடுத்த டிசைனுக்கு எந்த நூல் முதலில், எது பிறகு என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் போடு. போனில் சொல்லிவிடாதே. என் பெயருக்கு அனுப்பு. நானே பிரித்து நானே படிக்கப்போகும் முதல் கடிதம் அது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உன் அப்பா