கணக்கப்பிள்ளையின் சளி

ஆனி 5, திங்கள்

சோளகக் காற்று ஓயவில்லை. கண், மூக்கு, புத்தகம், எல்லாம் புழுதி. வேலை இல்லை.

பெரிய கடைத்தெருப் பக்கம் போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன். சுருட்டுக் கொட்டில் வாசலில் நின்று கேட்டேன். நான் இருந்து வாசிக்கிற வாங்குப் பலகையில் கொட்டில் கணக்கப்பிள்ளையின் மருமகன்! தொடர்கதை வாசிக்கிறானாம். "செங்கமலம் சிரித்தாள்" என்பதை இழவு சொல்ல வந்தவன் மாதிரிச் சொல்கிறான். சுருட்டுச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் கொட்டாவி.

போன மாதம் வரை அந்த இடம் எனக்கு. காலையில் பத்திரிகை, பின்னேரம் தொடர்கதை. அவர்களுக்குக் கையில் வேலை, காதுக்கு நான். எனக்காக ஆளுக்குச் சில சுருட்டு அதிகமாய்ச் சுற்றித் தருவார்கள், அதுதான் என் சம்பளம். பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல நான். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். ஆனால் செங்கமலம் கதைக்கிற இடம் வந்தால் எனக்கு மயிர் சிலிர்க்கும். கேட்கிறவர்களுக்கும்!

கெடுத்தவன் க.பி. (கணக்கப்பிள்ளை என்று இனி முழுதாய் எழுதக் கை கூசுகிறது.) செங்கமலம் கத்தியை எடுக்கிற கட்டம். புகையிலைத் தூள் தொண்டையில் ஏறி இருமல். வாயில் வெற்றிலை. வெளியே ஓடித் துப்பினேன், சிவப்பாய். உடனே அவன் ஒரு கத்தல்:

"ஐயோ, இரத்தம்! உவனுக்குக் கசம்! கிட்டப் போகாதேங்கோ!"

அந்த வெற்றிலையை மடித்துத் தந்ததே அவன்தான். மருமகனுக்கு இடம் வேண்டும், அதுக்கு இந்த வேலை. முதலாளி அன்றைக்கே என்னை நிற்பாட்டினார். "கசக்காரன் இருக்கிற கொட்டில் எண்டால் ஆரடா சுருட்டு வாங்குவான்?"

எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இப்போது மற்றவர்களுக்குக் கோப்பை, எனக்கு மட்டும் சிரட்டை.

செங்கமலம் வாரக்கணக்காய்க் காத்திருந்துதான் பழி தீர்க்கக் கத்தியை எடுத்தாள். நானும் காத்திருப்பேன்.

ஆனி 7, புதன்

காற்று. பயற்றங்காய் பிஞ்சிலேயே கருகுது என்று அம்மா புலம்பல்.

கடைத்தெருவில் பறை அடித்துச் சொன்னார்கள்: சயரோகப் பரிசோதனை, அதுதான் கசம். சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை, சுருட்டுக் கொட்டில், ஒருவரும் தப்ப ஏலாது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் பெட்டி மேல் ஏறி நின்று தகர டப்பி காட்டினார்.

"விடியக் காலமை எழும்பி, வாய் கொப்பளிக்க முந்திக் காறித் துப்புங்கோ. எச்சில் வேண்டாம். சளி வேணும்."

மீன்காரி ஒருத்தி: "ஐயா, சளி இல்லாத ஆக்கள் பக்கத்து வீட்டிலை கடன் வாங்கிறதோ?"

தெருவே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

முதல் டப்பி வாங்கினது நான்! "எந்தக் கடை?" என்று கேட்டார். "சுருட்டுக் கொட்டில், ஐயா. வாசிப்பு" என்றேன். நிற்பாட்டினது அவருக்கு ஏன்?

செய்ய வேண்டியவை: அம்மாவுக்குச் சொல்லாதிருத்தல். வெள்ளைச் சட்டை தோய்த்தல். பரிசோதனை மறுமொழித் துண்டு வந்ததும் க.பி.யின் மூக்குக்கு நேரே பிடித்தல்.

ஆனி 8, வியாழன்

டப்பி கொடுத்தாயிற்று.

திரும்புகிற வழியில், ஒழுங்கையில் பொன்னுத்துரை அண்ணை. புகையிலைச் சிப்பத்தைத் தனியாளாய்த் தூக்குகிறவர். கீரிமலைக் கேணியில் பெடியளைத் தோளில் வைத்து நீந்துகிறவர். அந்தக் கொட்டில் ஆட்களில் இன்னும் எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஒரே ஆள். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடேய், கணக்கப்பிள்ளை எனக்கொரு வேட்டி தாறாராம். என்னத்துக்குத் தெரியுமே? என்ரை சளிக்கு!"

"உங்கடை சளி அவருக்கு ஏன் அண்ணை?"

"தன்ரை டப்பிக்குள்ளை நான் துப்பவேணுமாம். கொட்டிலிலை நல்ல தேகக்காரன் நான்தானாம். ரெண்டு டப்பியிலும் துப்பிக் குடுத்திட்டன். அந்தாளுக்கு வைகாசியிலையிருந்து இருமல். பயப்பிடுது, பாவம்."

பாவமா! அகப்பட்டான்! இப்போதே ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். சொல்லமாட்டேன். மறுமொழி வரட்டும். தெருச்சனம் முழுக்கக் கூடட்டும். அப்போது வாயைத் திறப்பேன்.

ஆனி 19, திங்கள்

மறுமொழி வந்தது. கொட்டில் வாசலில் இன்ஸ்பெக்டர் பேர் கூப்பிட்டார். எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை! துண்டு கையில், வெள்ளைச் சட்டை உடம்பில். க.பி. முன்னால் போய் நின்றேன். சளிக் கதையை அவிழ்க்க வாயெடுத்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டர்:

"ரெண்டு பேர் அங்காலை நில்லுங்கோ. கணக்கப்பிள்ளை. பொன்னுத்துரை."

இரண்டு பேருக்கும் கசம்.

க.பி. குழறினான். "அது என்ரை சளி இல்லை, ஐயா!"

"எல்லாரும் உந்தக் கதைதான் சொல்லுறவை" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரன் அப்போதே சிரட்டை தேடினான். முதலாளி க.பி.யின் கதிரையைத் தூக்கி வெயிலில் போட்டு ஃபினைல் ஊற்றச் சொன்னார். மருமகன் ஓடிவிட்டான். "துண்டு இருக்கெல்லே? நாளைக்கு வந்து வாசி" என்றார் முதலாளி.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பொன்னுத்துரை அண்ணை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இருமலே இல்லையே, மோனை."

இரண்டு டப்பியிலும் இருந்தது அவருடைய சளி. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் க.பி. தப்பிவிடுவான்.

ஆனி 20, செவ்வாய்

வாசித்தேன். நல்லாய்த்தான் வாசித்தேன். செங்கமலம் எதிரியை மடக்கிற இடத்தில் "போடு, போடு!" என்று கத்துகிற பொன்னுத்துரை அண்ணை இல்லை. அவர் இருக்கிற பாய் சுருட்டிக் கிடந்தது.

பின்னேரம் அரியாலைக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். வேலிக்கு அங்காலை தனிக் கொட்டிலில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ரயிலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களாம்.

"கணக்கப்பிள்ளைக்காக இன்ஸ்பெக்டரிட்டை ஒருக்கால் சொல்லிவிடு. ஒரு சளிக்கு ரெண்டு பேரை ஏத்தக்கூடாது."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"சளி வித்தவன் எண்டு பேரெடுக்கவோ? என்ரை பெட்டைக்கு மாப்பிள்ளை பாக்கினம்."

"பாப்பம்" என்றேன். நோயோடு கிடந்தும் அவனுக்காகக் கேட்கிறார். அதுக்கும் சேர்த்து அவன் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனி 21, புதன்

காலையில் படலையடியில் க.பி. உள்ளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

"தம்பி." (தம்பியாம்!) "பொன்னுத்துரை உன்னட்டைச் சொன்னவனாம். இன்ஸ்பெக்டரிட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லு ராசா. பிள்ளையள் எனக்குக் கிட்ட வரினமில்லை."

"வெத்திலைச் சாறெண்டு நீங்கள் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

நான் உள்ளே போய் வெறும் டப்பி ஒன்றோடு வந்தேன். நேற்றே இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கி வைத்தது.

"சொல்லுறன். எல்லாம் சொல்லுறன். அப்ப உங்கடை சளி எங்கை? இதுக்குள்ளை துப்புங்கோ."

"நாளைக்குத் தாறன்."

"இப்ப."

தெருச்சனத்துக்குப் பயந்ததைவிட அந்த டப்பிக்கு அவன் அதிகம் பயந்தான். படலையைப் பிடித்தபடி நின்றான். காறவே தேவைப்படவில்லை, இருமல் தானாய் வந்தது. மூடி வாங்கும்போது டப்பி கையில் சுட்டது.

இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். பெட்டையின் கலியாணத்தையும் சொல்லி, பொன்னுத்துரை அண்ணையின் பேரை வெளியே விடவேண்டாம் என்று கெஞ்சினேன். "விசரன்கள்" என்று எல்லாரையும் சேர்த்து ஏசிவிட்டு டப்பியை எடுத்துக்கொண்டார். மறுமொழி வர நாளாகும்.

வருகிற வழியில் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் நேர்ந்தேன். ஒன்று, பொன்னுத்துரை அண்ணை சுகமாய்த் திரும்பி வர. மற்றது, அந்த டப்பியில் இருப்பதும் கசமாய் இருக்க.

எதை முதலில் நேர்ந்தேன் என்று இதில் எழுதமாட்டேன்.