செத்த மாட்டுப் பட்டியலில் வெள்ளைச்சி

செவ்வாய்க்கிழமை, கார்த்திகை.

முந்தநாள் கன்று போட்ட என் வெள்ளைச்சி இன்று காலை எழும்பவில்லை. ஊசி போட டொக்டரைக் கூப்பிட, முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தேன். மாட்டு ஆஸ்பத்திரிக் கந்தோரில் புதுக் கம்பியூட்டர். அதன் முன்னால் இருந்த பிள்ளையின் தகப்பனைத் தெரியும்; என்னிடம் ஒரு கன்று வாங்க அரை நாள் கதைத்தவன். மகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"மாடு எழும்புதோ, ஐயா?"

"இல்லை."

"தின்னுதோ?"

"இல்லை, பிள்ளை."

தட்டினாள். வெள்ளைச்சி செத்த மாட்டுப் பட்டியலுக்குப் போய்விட்டாள். நாளைக்கு டொக்டர் பிணம் பார்க்க வருவாராம்.

"அது உயிரோடை கிடக்குது!"

"அந்தக் கேள்வி இதிலை இல்லை, ஐயா. நீங்கள் சொல்லுறதை வைச்சு அடுத்த அலுவலை அதுவே முடிவெடுக்கும்."

"அப்ப மாத்து."

"கந்தோர்ப் பெரியவர்தான் மாத்தலாம். அவர் கொழும்புக்குப் போயிட்டார்."

"ஊசியையாவது கொண்டு வரச் சொல்லு."

"செத்த மாட்டுக்கு ஊசி எழுதேலாது."

மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளைச்சி இன்னும் மூச்சு விடுகிறாள். நாளைக்கு டொக்டர் வெறுங்கையோடு வந்தால் திரும்ப விடமாட்டேன். தொழுவத்தில் கதிரை போட்டு இருத்துவேன். செத்ததென்று எழுதிய மாடு சாகிறதை அவரும் இருந்து பார்க்கட்டும்.