மீன் இல்லாத மாதத்து மீன்கள்

மாசி, வெள்ளிக்கிழமை
பாபநாசம் பக்கம், நம் வீடு

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தம்பி வளவன், இரண்டு ஆடு, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பூனை எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுத வேண்டிய இடம் இது. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். போன் இருக்கும்போது அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குப் பேனா எதற்கு என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், வளவன் நடுவில் புகுந்து ஷூ வாங்கி அனுப்பு, வாட்ச் வாங்கி அனுப்பு என்கிறான். நீயோ நான் வாயைத் திறந்தாலே "இரும்மா, ஆத்தைக் காட்டுறேன்" என்று போனைத் திருப்பிவிடுகிறாய். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. சம்பா அறுத்தாயிற்று. மிஷின் வருகிறது வருகிறது என்று இழுத்தடித்து, மேகம் கறுத்த பிறகுதான் வந்தது, ஆனாலும் மழைக்கு முன்னால் மூட்டையை ஏற்றிவிட்டோம். உளுந்து தெளித்திருக்கிறோம், நன்றாக முளைத்திருக்கிறது. மேட்டூரை மூடிவிட்டார்கள். குடமுருட்டியில் மணல் தெரிகிறது, பையன்கள் ஆற்றுக்குள்ளேயே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், நம் வாய்க்காலில் நண்டு நகரும் அளவுக்குத்தான் ஈரம். வளவன் பாலிடெக்னிக் போகிறான் வருகிறான், படிக்கிறானா என்று மட்டும் கேட்காதே. நேற்று புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கேட்டால் "டயக்ராம் அப்படித்தாம்மா பாக்கணும்" என்கிறான். எனக்குப் படிப்புத்தான் இல்லை, கண் இருக்கிறது.

அந்தக் கண்ணோடுதான் ஜப்பானில் உன் தகயாமா ஊரையும் பார்க்கிறேன். அந்த ஊர்த் தண்ணீர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். சுற்றிலும் மலை, நடுவில் ஆறு, ஆற்றின் மேல் சிவப்புப் பாலம், கரையில் காலைச் சந்தை, பழைய மர வீடுகளின் வாசலுக்கு வாசல் தெருவோரமாக ஓடும் வாய்க்கால், எல்லாம் நீ காட்டினாய், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம் போல் இருக்கிறதே, அது என்ன ஆறு? நம் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் டீ நிறத்தில் நுரையோடு வரும், அதைப் பார்த்தால்தான் வயிறு நிறையும். பாபநாசத்தில் துணி தைக்கிறாளே ஆசியா, அவளிடம் உன் வீடியோவைக் காட்டினேன், பார்த்துவிட்டு "அக்கா, இது ஆறு இல்ல, போட்டோ புடிக்கக் கட்டி வெச்சிருக்காங்க" என்றாள். அதற்கும் மேல், ரயிலில் கால்மணி தள்ளி ஒரு சின்ன ஊர் என்று கூட்டிப்போய்க் காட்டினாய், அங்கே வெள்ளைச் சுவரை ஒட்டிய வாய்க்காலில் சிவப்பும் வெள்ளையுமாக முழங்கை நீளக் கெண்டை மீன். ஒருத்தரும் பிடித்துக் குழம்பு வைக்க மாட்டார்கள் என்று நீ சொன்னதும் உன் அப்பா, "அப்ப மீன்ல ஏதோ இருக்கு, இல்லாட்டி ஆளுங்ககிட்ட ஏதோ இருக்கு" என்றார். அன்று சிரித்தோம். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மீன்களைப் பற்றி இன்னொன்றும் நீயே சொல்லியிருக்கிறாய், முதல் வருஷம். பனி விழத் தொடங்கும் முன்னால் ஊரே கூடி வலை போட்டு மீனை எல்லாம் எடுத்துக் குளத்தில் விட்டுவிடுவார்களாம், குளிர் போனபிறகுதான் திரும்ப வாய்க்காலுக்குக் கொண்டுவருவார்களாம். எங்க ஊர்ல ஆறு லீவு எடுக்குது, ஒங்க ஊர்ல மீன் லீவு எடுக்குதா என்று நான் கேட்டேன், நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பொங்கலன்று வீடியோ அனுப்பினாயே, "இன்னிக்குக் காலைல எடுத்தேம்மா, மீனெல்லாம் ஒனக்குப் பொங்கல் வாழ்த்து சொல்லுது" என்று. அதில் மீன் இருக்கிறது செம்மொழி. தை மாதத்தில், வாய்க்காலில், வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது. கூரையில் ஒரு பொட்டுப் பனி இல்லை, சுவர் ஓரத்துச் செடியில் இலை பச்சையாக இருக்கிறது. வளவனிடம் காரணம் சொல்லாமல் பழைய வீடியோக்களை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் ஒரே இடம், ஒரே மீன், அதில் ஒன்றுக்கு மூக்கின் மேல் கறுப்புப் புள்ளி. அந்த மீனின் முகம் எனக்கு மனப்பாடம், பெற்ற பெண்ணின் முகம்தான் மறந்துவிடும் போலிருக்கிறது.

சரி, தெரியாமல் பழசை அனுப்பிவிட்டாய் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அடுத்த தடவை பேசும்போது மீனெல்லாம் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன். "நல்லா கொழுத்துப்போய்த் திரியுதும்மா" என்றாய். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீனைப் பற்றி ஒருத்தி எதற்காகப் பொய் சொல்லவேண்டும்? முதலில் கல்யாணம் என்றுதான் நினைத்தேன், யாரையோ கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாய் என்று. ஒரு நாள் பூராவும் அழுதேன், மறுநாள் மாப்பிள்ளைக்கு நம் சாம்பார் பிடிக்குமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன், என் புத்தி அப்படி. பிறகு வேலை போய்விட்டதோ என்று நினைத்தேன். வேலை போனவள் தான் பார்த்துக்கொள்கிற முதியோர் இல்லத்துக் கிழவி பல்செட்டைத் தொலைத்த கதையை அவ்வளவு ருசியாகச் சொல்லமாட்டாள், அதனால் அதையும் விட்டேன். கடைசியில் அய்யம்பேட்டைக்குப் போய் ஜெயபாரதியின் அம்மாவிடம் அவள் நம்பரை வாங்கி, உன் அப்பா காதில் விழாமல் ஆசியா கடையில் உட்கார்ந்து அவள் போனிலிருந்து பேசினேன். ஒரே அறையில் இருக்கிற பெண், ஒரே இடத்தில் வேலை, அவளுக்குத் தெரியாமல் போகுமா? செம்மொழி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டேன், வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளை, "கவலப்படாதீங்கம்மா, இப்ப நல்லா நடக்குறா" என்றாள். நல்லா இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன். நல்லா நடக்கிறாள் என்று நடக்காமல் கிடந்தவளைத்தானே சொல்வார்கள்? நான் "அப்பாடா, நடக்கட்டும் நடக்கட்டும்" என்று தெரிந்தவள் மாதிரியே பேசி வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆசியா சோடா வாங்கிக் கொடுத்தாள்.

எப்படி விழுந்தாய் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரித்தான் இருக்கிறது, தப்பாக இருந்தால் சொல்லு. தெருவோர வாய்க்காலுக்கு இரும்பு மூடி இருக்கும், பனிக்காலத்தில் தெருவுக்குத் தெரு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், முறை வந்ததும் மூடியைத் திறந்து வாசல் பனியை அள்ளி உள்ளே தள்ளினால் தண்ணீர் அடித்துக்கொண்டுபோய் ஆற்றில் சேர்த்துவிடும் என்றாயே. அங்கேயும் முறைத் தண்ணீரா, அப்படியானால் சண்டையும் இருக்குமே என்று உன் அப்பாகூட ஆசையாகக் கேட்டார். உங்கள் இல்லத்து வாசலுக்கு முறை வந்திருக்கும், நீதான் முதல் ஆளாக ஓடியிருப்பாய். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளியதில் பனி கட்டிக்கொண்டு அடைத்திருக்கும், தண்ணீர் எதிர்த்துத் தெருவில் ஏறியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கோலையோ கம்பியையோ தேடிப் போயிருப்பார்கள். நீ என்ன செய்திருப்பாய்? காலை விட்டிருப்பாய். நம் வீட்டில் வாய்க்கால் அடைத்தால் மண்வெட்டி தேடுகிறவர் யார்? ஆகாயத்தாமரை அடைத்தாலும் வைக்கோல் அடைத்தாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு உதை, அவ்வளவுதான், நானும் அப்படித்தான், உன் அப்பாவும் அப்படித்தான், பாவாடை கட்டின வயதிலிருந்து நீயும் அப்படித்தான். நம் வாய்க்காலில் அடியில் சேறு, கால் புதையும், வெளியே வரும். அது கல் கட்டின வாய்க்கால், உள்ளே பாறை மாதிரிப் பனி, பின்னால் மலைத் தண்ணீரின் வேகம். மாட்டிக்கொண்ட காலை முறுக்கி எடுத்திருப்பாய். இதை நினைத்து நான் கோபப்படுவதா, என் பெண் எங்கே போனாலும் என் பெண்தான் என்று சிரிப்பதா, எனக்கே தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஏன் மறைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் பெரியப்பா "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பி என்னடா ஆவப்போவுது" என்று கூட்டத்தில் கேட்டபோது உன் அப்பா ஒற்றை ஆளாக நின்று அனுப்பினார். அவருக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வா என்பார், நீ எழுதின பெரிய பரீட்சை வீணாகிவிடும், அதில் தேறினால்தானே அங்கே நிலைத்து வேலை பார்க்க முடியும், முடிவு வருகிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். சரியா? பரீட்சையை மாவுக்கட்டோடு போய் எழுதினாயா? உட்கார்ந்துதானே எழுதுவது, அதற்குக் கால் வேண்டாம்தான், ஆனாலும் அந்தப் பனியில் யார் உன்னைத் தாங்கிக் கூட்டிப்போனார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டுப் பிரித்தார்களா? பிரித்திருந்தால் அவசரப்பட்டு ஊன்றாதே, கிழவர்களைத் தூக்குகிற வேலையை ஜெயபாரதியிடம் விடு, உட்காரும்போது காலைத் தொங்கப் போடாதே, இரண்டு சாக்ஸ் போடு. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன், நல்ல நேரமாகப் பார்த்து, அவர் சாப்பிட்டு முடித்தபிறகு, என்று

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன் செம்மொழி, இப்போதுதான் திரும்ப எடுக்கிறேன். உன் அப்பா மருந்தடிக்கிற டேங்கைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் எழுதுவதைப் பார்க்கக்கூட இல்லை. தலையைத் தூக்காமலே "கால் எப்படி இருக்காம்னு ஒரு வரி கேட்டு எழுது" என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை. யார் கால் என்றேன். "எங் காலா? உம் பொண்ணு காலு" என்றார். பொங்கல் கழிந்து நீ அவர் வயலில் இருக்கும்போது தனியாகக் கூப்பிட்டாயாமே. முன்னே அவருக்குக் கால் முறிந்தபோது எப்போது ஊன்றி நின்றார், வலித்ததா என்று கேட்டாயாமே, இல்லத்தில் ஒரு தாத்தாவுக்காகக் கேட்பதாகச் சொல்லி. "தாத்தாவுக்காகக் கேக்குறவ, ராத்திரில கட்டுக்குள்ள அரிப்பு தாங்கலப்பான்னு சொல்லுவாளா?" என்றார். அவரும் இத்தனை நாள் தெரிந்துகொண்டே உளுந்து தெளித்திருக்கிறார், என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "ஒங்கிட்ட சொன்னா ஊரே சேந்து அழுவும், அவ காதுல விழும்" என்கிறார். வரச்சொல்லப் போறீங்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். "எதுக்கு? எனக்குக் கால் முறிஞ்சப்ப நான் வயல வித்துட்டா ஒக்காந்தேன்? பரீட்ச முடிவு வரட்டும், அப்புறம் இருக்கறதோ வரதோ அவ பாத்துக்குவா" என்றார். அப்புறம் எப்படி அடிபட்டதாம் என்று கேட்டார், என் ஊகத்தைச் சொன்னேன். "காலை விட்டாளா?" என்று சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே அடிபம்புக்குப் போய் முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

ஆக இந்த வீட்டில் ஒருத்தரையும் நம்புவதற்கில்லை. அரிக்கிறது என்று அவரிடம் சொன்னாய், என்னிடம் மீனைக் காட்டினாய், இந்தக் கணக்கை நீ ஊருக்கு வரும்போது தீர்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த தடவை கூப்பிடும்போது ஆறு வேண்டாம், பாலம் வேண்டாம், மலை வேண்டாம். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார். முதலில் காலைக் காட்டு, அப்பாவும் பார்க்கவேண்டும் என்கிறார். பிறகு முகத்தைக் காட்டு. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லு, நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், உனக்கென்ன.

கால் பலப்பட்டு, பரீட்சையில் தேறி, போன இடத்தில் தலைநிமிர்ந்து நடக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. ஜெயபாரதியைத் திட்டாதே, அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் பேச்சிலிருந்து பிடித்துக்கொண்டேன். உறையின் மேல் இங்கிலீஷ் முகவரி எழுதித் தருவது ஆசியா, எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேள்.

இப்படிக்கு
ஒன்றும் தெரியாத உன் அம்மா
அம்சம்