கல்மண்டபம் முக்கில் தண்டவாளம்

ஆடி வெள்ளிக்கிழமை, ராத்திரி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மெல்லப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

இன்று கல்மண்டபம் முக்கில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டினார்கள். கட்சிக் கூட்டம், மாதா தேர், அம்மன் ஊர்வலம் எல்லாம் நின்று திரும்பும் இடம். என்னைப் பெற்ற நைனா அந்தக் காலத்தில் அங்கே டிராம் ஓட்டினார் என்று நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். கடலுக்குப் போகும் என் தோஸ்து தேசப்பன் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றும் பள்ளத்துக்கு எதிர் டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "டிராம் இன்னா மாமு, உங்க நைனா கப்பலே ஓட்னாருன்னு சொல்லேன்" என்றான். செத்துப்போன மனுஷனைப் பொய்யாக்குகிறானே என்று டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

அப்போது பள்ளத்தில் கடப்பாரை இரும்பில் மோதியது. மண்ணைத் தள்ளினார்கள். நான் எப்போதும் கை காட்டும் அதே இடத்தில் டிராம் தண்டவாளம் வளைந்து கிடந்தது. இத்தனை வருஷம் அத்தனை தேரும் கூட்டமும் இதன்மேல்தான் நின்றிருக்கின்றன.

தேசப்பன், படகில் ஏறும்போது கழற்றுவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தோரம் வந்தான்.

"இன்னா மாமு, நின்னுகினு கீற? உங்க நைனா வண்டி. நீ மொதல்ல ஏறு."