பால் வடிகட்டி போட்ட கார்

மாசி 9, ஞாயிறு

இன்னிக்கு நடந்ததை எழுதாமல் படுத்தால் சிரிப்பிலேயே தூக்கம் போய்விடும்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஈப்போ பட்டணத்தில் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டுக்காரரோ காலையிலேயே காரைப் பிரித்துப் போட்டுவிட்டார். பெட்ரோல் வடிகட்டியில் வலை கிழிந்துவிட்டதாம். ஸ்டோரில் கிடந்த பழைய ரப்பர் பால் வடிகட்டியிலிருந்து ஒரு துண்டு வலை வெட்டி வந்து மாட்டினார். "பித்தளை வலைலா, பத்து வருசம் தாங்கும்" என்று பெருமை வேறு.

கார் வாசலைத் தாண்டவில்லை. இருமி இருமி நின்றுவிட்டது. மணி ரெண்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வடிகட்டியைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வலையில் காய்ந்திருந்த ரப்பர் பால் பெட்ரோலில் கரைந்து பசையாகிவிட்டது. இப்படிக் கரைத்துத்தான் வாராவாரம் டயர் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறார்!

"ஏங்க, ரப்பரோடயே பொழைக்கிற உங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்றேன்.

என் தேத்தண்ணி வடிகட்டியை எடுத்து வந்து, வலையை நானே கத்தரித்துக் கொடுத்தேன். குழாயையெல்லாம் கழுவி மாட்டினார். காரின் முன்னால் கைப்பிடியை மாட்டி ஒரே சுற்று, இஞ்சின் பிடித்துக்கொண்டது. மாதா கோயில் மணி அடிக்கும்போது பிள்ளை என் கையில் இருந்தாள்.

நாளைக் காலையில் இவருக்குத் தேத்தண்ணி தூளோடுதான். மூச்சு விடமாட்டார்.