'கல்' என்றால் எந்த நாள்

சரோஜினி நகர், புது தில்லி
4.2.1979

அன்புள்ள பூவராகவன்,

கரீமுல்லாவின் 1953-ஆம் வருடத்து டைரி கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை பதினொரு மணிக்கு, பல்லிமாரானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் மகனே எடுத்துக் கொடுத்தார். பம்பாய் ஸ்டுடியோக்களில் இருபது வருடம் சாரங்கி வாசித்த மனிதர், தினம் இரண்டு வரியாவது எழுதி வைத்திருக்கிறார். எழுத்து உருது. மகன் வாசித்தார், நான் குறித்துக்கொண்டேன்.

நாம் தகராறு செய்துகொண்டிருந்த விஷயத்துக்கு இதுதான் முதல் காகிதச் சாட்சி. ஜோதிலிங்கம் மாஸ்டரின் தமிழ்ப் படகுப் பாட்டு, கிஷன்தயாலின் இந்தி மழைப் பாட்டு. இரண்டுக்கும் மெட்டு ஒன்று, வருடமும் ஒன்று. எல்.பி. ரிக்கார்டு உறைகளில் இருப்பது மறுபதிப்பின் தேதி. அதை வைத்து எது முந்தி என்று சொல்ல முடியாது. டைரியில் மார்ச் 11-ஆம் தேதிப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'மதராஸி மாஸ்டர் ஆயே. துன் சுனாயி. ரிக்கார்டிங் கல்.' அதாவது, மாஸ்டர் பம்பாய் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவருக்கு மெட்டை வாசித்துக் காட்டினார்கள். ரிக்கார்டிங் நேற்றே முடிந்துவிட்டது. ஆகவே மழைப் பாட்டு முந்தி. நம் மாஸ்டர் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

'தலைநகர்த் தென்றல்' மார்ச் இதழில், நம் 'முன்னும் பின்னும்' பகுதிக்கு இதைத்தான் எழுதப்போகிறேன். வழக்கம்போல இருவர் பெயரும் இருக்கும். நீர் ஓய்வு பெற்று ஊர் போய் ஐந்து மாதம் ஆகிறது. கரோல் பாக் ரிக்கார்டுக் கடைக்காரர் இன்னும் 'தூஸ்ரே சாப் கஹாங்?', இன்னொரு சார் எங்கே, என்று உம்மைத்தான் விசாரிக்கிறார். மகள் செல்வி உம்மைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உம்முடைய
மாணிக்கவாசகம்

மேற்கு மாம்பலம், சென்னை
9.2.1979

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் இன்று வந்தது. முப்பது வருடம் பார்லிமெண்டில் குறிப்பெடுத்த கை, பாவம், செத்துப்போன சாரங்கிக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

விளையாட்டு போகட்டும். இதை அச்சுக்குக் கொடுக்காதேயும், ஓய். சரணத்தின் இரண்டாவது வரியைப் போட்டுக் கேளும். இறங்கும்போது ரிஷபத்தில் ஒரு கணம் நிற்கிறது. நாகஸ்வரக்காரர் மூச்சு எடுத்துக்கொள்ளும் இடம் அது. படகுப் பாட்டில் அந்த வரிக்கு நாகஸ்வரம்தான். மழைப் பாட்டில் சாரங்கி. வில் போட்டு இழுக்கிற வாத்தியத்துக்கு மூச்சு எதற்கு? இருந்தும் அதே இடத்தில் நிற்கிறது. யார் யாரைக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மாஸ்டர் என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறார். எழுபத்தொரு வயது. வாரத்தில் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பம்பாயைப் பற்றிக் கேட்டால், 'போனேன், வாசிச்சுக் காட்டினேன், டீ குடுத்தாங்க, வந்துட்டேன்' என்கிறார். ஏப்ரல் 22-ஆம் தேதி இங்கே ஒரு சபாவில் அவருக்குப் பாராட்டு. முப்பது படத்துக்கு மெட்டுப் போட்ட மனிதருக்கு இதுதான் முதல் மேடை. நீரே யோசியும்.

அன்புடன்
பூவராகவன்

சரோஜினி நகர்
2.3.1979

அன்புள்ள பூவராகவன்,

மார்ச் இதழ் நேற்று மாலை அச்சகத்திலிருந்து வந்தது. உம் பிரதியைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கட்டுரை பதினாலாம் பக்கம்.

நீர் எழுதியதை மூன்று முறை படித்தேன். மூச்சு விஷயம் அழகுதான். ஆனால் காது சொல்வது குறுக்கு விசாரணையில் நிற்காது. மாஸ்டர் சொல்வதோ சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம். டைரி எழுதியவருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. உம் ஆட்சேபத்தைக் கடைசிப் பத்தியாகச் சேர்க்க நினைத்தேன். இடம் போதவில்லை.

எட்டு வருடமாக இரண்டு பெயரும் சேர்ந்தே வந்திருக்கிறது. இந்த மாதம் ஒன்றை எடுத்தால் வாசகர்கள் காரணம் கேட்பார்கள். அதனால் போட்டுவிட்டேன். கோபம் இருந்தால் நாலு வரி திட்டி எழுதும். பேசாமல் மட்டும் இருக்காதேயும்.

உம்முடைய
மாணிக்கவாசகம்

மேற்கு மாம்பலம்
11.4.1979

மாணிக்கவாசகத்துக்கு,

இங்கே ஒரு வார இதழ் உம் கட்டுரையைச் சுருக்கி, 'படகேறி வந்த திருட்டு மெட்டு' என்று தலைப்பிட்டுப் போட்டது. சனிக்கிழமை சபாக்காரர்கள் மாஸ்டர் வீட்டுக்கு வந்து, விழாவைத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வேறு தேதி சொல்லவில்லை.

மறுநாள் போனேன். இதழை மடித்து மடியில் வைத்திருந்தார்.

'கீழே பூவராகவன்னு போட்டிருக்கே, அது வேற யாரோதானே?' என்றார்.

'நான்தான்' என்றேன்.

'அப்படியா?' என்றார். மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் போகவில்லை.

என்னைக் கேட்காமல் போட்டார்கள் என்று சொல்லி உம்மை மாட்டிவிட்டிருக்கலாம். நாக்கு எழவில்லை. இனி என் பெயரை எதிலும் போட வேண்டாம்.

பூவராகவன்

சரோஜினி நகர்
9.5.1979

அன்புள்ள பூவராகவன்,

மழைப் பாட்டு ரிக்கார்டு ஆன தேதி 1953 மார்ச் 12. ஆதாரம், அதே டைரியின் அடுத்த பக்கம். இன்று காலை மறுபடி பல்லிமாரான் போய், மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 'மதராஸி மாஸ்டரின் துன், பகல் மூன்று மணிக்கு ரிக்கார்டிங் முடிந்தது. மாஸ்டர் இல்லை, ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.' பிப்ரவரியில் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

புரட்ட வைத்தது செல்வி. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி தூரம் என்று பக்கத்து இந்திப் பள்ளியில் சேர்த்ததால் அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நம் பகுதியை அவள் ஒரு மாதமும் படித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்டுக்கொண்டே, 'பூவு மாமா ஏன் லெட்டர் போடறதில்லை?' என்று கேட்டாள். கட்டுரையை வாசித்துக் காட்டினேன்.

'டைரியில நேத்துன்னா இருந்தது?'

'கல் என்று இருந்தது.'

'கல்னா நாளைக்கும்தானே, அப்பா? முடிஞ்சுதுன்னோ நடக்கும்னோ கூட ஒண்ணும் இல்லையா?'

'இல்லை.'

'அப்ப நீங்களா எப்படி நேத்துன்னு எழுதினீங்க? பால்காரனை நாளைக்கு வரச் சொல்லி தினம் 'கல் ஆனா, கல் ஆனா'ன்னு சொல்றீங்க. அவன் என்ன நேத்தா வரான்?'

எனக்குத் தெரியாத சொல் அல்ல. மாஸ்டர் மெட்டுத்தான் முந்தி என்றால் எல்லோரும் நினைத்திருப்பதே அதுதான். அது செய்தி ஆகாது. எனக்கு நேற்று வேண்டியிருந்தது, நேற்று என்று எழுதிக்கொண்டேன். யார் யாருக்கு வாசித்துக் காட்டினார்கள் என்பதும் டைரியில் இல்லை. அதையும் நானே நிரப்பினேன்.

ஜூன் இதழின் முதல் பக்கத்தில் திருத்தம் வருகிறது. என் பெயரில் மட்டும். நீர் ஆட்சேபித்ததும், நான் அதை விட்டுவிட்டதும், கேட்காமல் உம் பெயரைப் போட்டதும் அதில் இருக்கிறது. வார இதழுக்கும் சபாவுக்கும் அதன் கைப்பிரதிகளை நாளையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மாஸ்டருக்கு நீரே படித்துக் காட்ட வேண்டும். நான் எழுதினால் அவர் உறையைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

மறுபடி சேர்ந்து எழுதுவோமா? ஒரு வரி போதும்.

மாணிக்கவாசகம்

மேற்கு மாம்பலம்
20.5.1979

அன்புள்ள மாணிக்கம்,

உறுதியானதை முதலில் எழுதுகிறேன். மே 3-ஆம் தேதி மாஸ்டருக்குப் பக்கவாதம். வலது கை, கால் அசையவில்லை, பேச்சு இல்லை. சொன்னவர் மருமகள், பிறகு நானே பார்த்தேன். கட்டுரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். நானும் சொல்லவில்லை.

உம் கடிதம் 14-ஆம் தேதி வந்தது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலருகே உட்கார்ந்து, டைரியின் அடுத்த பக்கத்தைப் பற்றிய வரிகளை வாசித்தேன். இடது கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நிறுத்தினேன். 'இல்லை, திரும்பப் படிக்கச் சொல்றார்' என்றாள் மருமகள். படித்தேன். மறுபடி கை. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டார். புரிந்துகொண்டாரா, களைத்துப்போனாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன்.

வார இதழிடமிருந்து பதில் இல்லை. சபாக் கமிட்டி ஜூன் 10-ஆம் தேதி கூடுகிறது. விழா உண்டா என்று அன்று தெரியும். பேச்சு திரும்புவதானால் ஜூன் முடிவதற்குள் திரும்பும் என்கிறார் டாக்டர்.

சேர்ந்து எழுதுவோமா என்று கேட்டிருக்கிறீர். உம்மைப்போல் தன் தப்பைத் தேடிக்கொண்டு பல்லிமாரான் வரை போகிறவர்கள் குறைவு. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் இதில் எனக்கு முன்னால் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். மறுபடி அவர் வீட்டுக்கு வரலாமா என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். மருமகள் தலையாட்டினாள், அவர் வாயால் வர வேண்டும். வந்தால், ஜூலை முதல் வாரத்தில் உமக்கு எழுதுகிறேன். வராவிட்டால் எழுத மாட்டேன். அதுவரை நீரும் எழுத வேண்டாம்.

செல்விக்கு என் ஆசி.

பூவராகவன்